டேஷ்போர்டு முள்ளின் பொய்யும் மெய்யும்

பழைய காரின் டேஷ்போர்டில் ஒரு முள் அசையாமல் கிடந்தால், கோளாறு பெரும்பாலும் அந்த மீட்டரில் இருப்பதில்லை. பெட்ரோல் டேங்குக்குள் மிதக்கும் ஃப்ளோட், என்ஜினில் திருகியிருக்கும் சென்சார், அங்கிருந்து வரும் வயர், பியூஸ், பாடியில் முறுக்கிய எர்த் இணைப்பு என்று வழியில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் முதலில் கெடுகிறது. இவை சூட்டிலும் மழையிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் கிடப்பவை. மீட்டரோ கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருப்பது. ஆனாலும் பல பட்டறைகளில் முதலில் கழற்றப்படுவது மீட்டர்தான். கழற்றும் வேகத்தில், வருடக்கணக்கான வெயிலில் காய்ந்துபோன பிளாஸ்டிக் கொக்கி இரண்டு ஒடிந்து, இல்லாத கோளாறு ஒன்று புதிதாகச் சேரும்.

கைமாறிக் கைமாறி ஓடும் பழைய கார்களுக்கு மாருதி 800 நல்ல உதாரணம். 1983 டிசம்பரில் முதல் கார் கைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி அது. அதன் டேஷ்போர்டில் அதிகம் இல்லை: ஸ்பீடாமீட்டர், பெட்ரோல் மீட்டர், டெம்பரேச்சர் மீட்டர், சில எச்சரிக்கை விளக்குகள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸின் வழிவந்த அம்பாசிடரிலும் அடிப்படை இதேதான். இத்தகைய மீட்டர்களை இந்திய வண்டிகளுக்குச் செய்துகொடுத்தவற்றில், 1975-இல் கோவையில் உற்பத்தி தொடங்கிய பிரிக்கால் நிறுவனம் முக்கியமானது. பழைய மீட்டர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் அந்தப் பெயர் இருக்க நல்ல வாய்ப்புண்டு.

பெட்ரோலையும் சூட்டையும் காட்டும் பழைய மீட்டர்கள் இரண்டு வகை. முதல் வகையில், இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை ஒன்றின்மேல் மெல்லிய கம்பிச் சுருள் சுற்றியிருக்கும். மின்சாரம் பாய்ந்தால் சுருள் சூடாகும். இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிவதால் பட்டை வளையும், அதில் பிணைத்த முள் நகரும். சாவியைத் திருப்பியதும் இந்த முள் சோம்பலாக ஏறும், அணைத்ததும் சோம்பலாக இறங்கும். வளைவில் டேங்குக்குள் பெட்ரோல் அலைபாய்ந்தாலும் முள் ஆடாமல் இருப்பதற்கு அந்தச் சோம்பலே காரணம். இரண்டாவது, காந்தச் சுருள் வகை. குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய சுருள்களின் நடுவே ஒரு சிறு காந்தம் முள்ளைத் திருப்பும். சுருள்களில் பாயும் மின்சாரத்தின் விகிதமே இங்கே கணக்கு. அதனால் பேட்டரி வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் இது அவ்வளவாகப் பாதிக்கப்படாது. எந்த வகை மீட்டர் என்று தெரியாமல் சோதனையில் இறங்கினால் பாதி முடிவுகள் தவறாகிவிடும். சாவியைத் திருப்பி முள் ஏறும் வேகத்தைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடும்.

சோதனையின் முதல் படிக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். என்ஜினை ஓட்டாமல் சாவியை இக்னிஷன் நிலைக்கு மட்டும் திருப்பி, என்னென்ன எரிகிறது, எந்த முள் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிந்தாக வேண்டும். எல்லா முட்களும் எல்லா விளக்குகளும் ஒருசேர அடங்கிக் கிடந்தால் பியூஸ், இக்னிஷன் சுவிட்ச், அல்லது மீட்டர் தொகுப்பின் பின்னால் உள்ள கப்ளர், இந்த மூன்றில் ஒன்று. அதே பியூஸில் வேறு எதெல்லாம் ஓடுகிறது என்பது பியூஸ் பெட்டியின் மூடியில் எழுதியிருக்கும். அவையும் செத்திருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. பியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லிவிடக் கூடாது. கம்பி அறுபடாமலே காலில் பச்சை பூத்துத் தொடர்பு விட்டிருக்கலாம். பிடுங்கி, காலைச் சுரண்டித் திரும்பச் செருகுவது ஒரு நிமிட வேலை.

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் மட்டும் சேர்ந்து தப்புக் காட்டினால், வெப்பப் பட்டை வகை மீட்டர் உள்ள கார்களில் சந்தேகம் நேராக வோல்டேஜ் ஸ்டெபிலைசர் மீது விழ வேண்டும். என்ஜின் நிற்கும்போது பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் தரும். ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை 14 வோல்டுக்கு அருகே ஏற்றும். இந்த ஏற்ற இறக்கம் முள்ளில் தெரியாமலிருக்க, பிரிட்டிஷ் வழிவந்த கார்களில் தீப்பெட்டிக்கும் சிறிய தகரப் பெட்டி ஒன்று இரண்டு மீட்டர்களுக்கும் சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். உள்ளே அதே வெப்பப் பட்டைதான்: சூடானால் தொடர்பை விடும், ஆறினால் சேரும், இப்படி விட்டுவிட்டு மின்சாரம் அனுப்பும். தொடர்பு நிரந்தரமாக விட்டுப்போனால் இரண்டு முட்களும் படுத்துவிடும். ஒட்டிக்கொண்டால் இரண்டும் உயரக் காட்டும். இந்தப் பெட்டியின் எர்த் விட்டுப்போனாலும் இதே நிலைதான், ஏனென்றால் உள்ளிருக்கும் பட்டை சூடாகவே சூடாகாது. ஆகவே என்ஜின் கொதிப்பதாக முள் சொல்லும்போது, டேங்க் வழிவதாகப் பெட்ரோல் முள்ளும் சொல்கிறதா என்று ஒரு கண் பார்ப்பது நல்லது. வெளியேறும் முனையில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் நல்ல ஸ்டெபிலைசரில் விளக்கு சிமிட்டும். மல்டிமீட்டரின் எண்ணும் நிலையில்லாமல் துள்ளும், அதைக் கோளாறு என்று எண்ண வேண்டியதில்லை.

இனி எர்த். பழைய காரில் மின்சாரம் போவதற்கு வயர் உண்டு, திரும்பி வருவதற்குக் காரின் இரும்பு உடம்புதான் பாதை. துருப்பிடித்த போல்ட், டிங்கரிங் செய்தபோது பெயின்ட் அடித்து மூடிய இணைப்பு, அறுந்த பட்டை வயர் எல்லாம் அந்தப் பாதையை அடைக்கின்றன. இதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் இறங்கும், இண்டிகேட்டர் போட்டால் அதே தாளத்தில் முள்ளும் ஆடும். மற்ற சாதனங்களின் மின்சாரம் மீட்டரின் எர்த் வழியே திரும்ப முண்டுகிறது என்று அர்த்தம். மல்டிமீட்டரை வோல்டேஜில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை மீட்டர் தொகுப்பின் எர்த்திலும் தொட்டு, விளக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். 0.1 அல்லது 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பளிச்சென்ற இரும்பில் திருகினால் செலவில்லாமல் பல மர்மங்கள் தீரும்.

பெட்ரோல் மீட்டர் ஒன்றுதான் கெட்டிருக்கிறது என்று தெரிந்தபின் டேங்க் யூனிட்டுக்குப் போகலாம். ஃப்ளோட் ஒரு கையில் பூட்டி மேலும் கீழும் போகும். கையின் மறுமுனையில் ஒரு சிறு நாக்கு மின்தடைக் கம்பியின் மேல் உரசி நகரும். டேங்கில் இருக்கும் பெட்ரோலுக்கு ஏற்ப மின்தடை மாறுகிறது. ஜப்பானிய வழக்கில் காலி டேங்குக்குச் சுமார் 110 ஓம், நிறைந்த டேங்குக்கு 3 ஓம் அளவு. ஐரோப்பிய வழக்கு ஒன்றில் கணக்கு தலைகீழ்: காலிக்கு 10, நிறைவுக்கு 180. அமெரிக்க ஜி.எம். கார்களில் காலிக்கு 0, நிறைவுக்கு 90. ஒரு காரின் யூனிட்டை இன்னொரு காரில் போட்டால் முள் ஏன் பித்துப் பிடித்ததுபோல் நடக்கிறது என்பதற்கு இந்த எண்களே பதில்.

ஜப்பானிய வழக்கில் உள்ள காரில் சோதனை எளிது. டேங்க் யூனிட்டின் வயரைக் கழற்றினால் முள் காலிக்கு இறங்க வேண்டும். கழற்றிய வயரை எர்த்தில் தொட்டால் நிறைவை நோக்கி ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் நல்லவை, குறை யூனிட்டிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது. ஆனால் வெறும் வயரால் நேரடியாகத் தொடுவது மீட்டரின் சுருளுக்கு ஆபத்து. ஜப்பானியக் கார்களின் பழுதுநீக்கக் கையேடுகள் நடுவே 12 வோல்ட், 3.4 வாட் பல்பு ஒன்றை வைத்துத் தொடச் சொல்வது இதனால்தான். அடுத்து, யூனிட்டின் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனியாக ஒரு வயர் இழுத்துப் பார்க்க வேண்டும். முள் உயிர் பெற்றால் யூனிட்டைக் கழற்றவே தேவையில்லை.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், இந்தக் கட்டுரையில் உயிருக்கு ஆபத்தான கட்டம் அதுதான். கொஞ்சமாகப் பெட்ரோல் உள்ள டேங்கில் ஆவி நிறைந்திருக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான வெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் வராமல், கம்பிவலை போட்ட பட்டறை விளக்கு இல்லாமல் செய்ய வேண்டிய வேலை. வெளியே வந்த யூனிட்டில் பார்க்க வேண்டியவை: ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் பெட்ரோல் தளும்புகிறதா, கை வளைந்திருக்கிறதா, ஓம் மீட்டரில் பிடித்துக் கையை மெல்லத் தூக்கும்போது எண் சீராக மாறுகிறதா. நடுவில் எங்காவது எண் காணாமல் போனால் அங்கே கம்பி தேய்ந்துவிட்டது. முன்னூறுக்கும் ஐந்நூறுக்குமாகப் பெட்ரோல் போட்டே காலம் தள்ளிய காரில் ஃப்ளோட் எப்போதும் அடிப்பகுதியிலேயே நடமாடியிருக்கும். தேய்மானமும் அங்கேதான் இருக்கும். அத்தகைய காரில், டேங்கை நிரப்பினால் முள் ஒழுங்காகக் காட்டும், பாதிக்குக் கீழே வந்ததும் குதிக்கத் தொடங்கும். தேய்ந்த கம்பியைச் சரிசெய்யும் வித்தை சிலர் கையில் உண்டு, ஆனால் அது நிலைப்பதில்லை.

டெம்பரேச்சர் மீட்டரில் தவறுக்கு விலை அதிகம். அதன் சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏறத் தடை குறையும் தெர்மிஸ்டர். வயர் அறுந்தால், அல்லது எர்த் கெட்டால், தடை கூடிவிட்டதாக மீட்டர் எண்ணிக்கொண்டு என்ஜின் குளிர்ச்சியாக இருப்பதாகக் காட்டும். அதே கோளாறு ஜப்பானியப் பெட்ரோல் மீட்டரில் வந்தால் டேங்க் காலி என்று பயமுறுத்தி ஓட்டுநரைப் பங்க்குக்கு அனுப்பும். இங்கேயோ எல்லாம் சுகம் என்று சொல்லி என்ஜினைக் கொதிக்க விடும். மாருதி 800 போன்ற அலுமினிய ஹெட் உள்ள என்ஜினில் அந்த ஆறுதலின் பலன் வளைந்த ஹெட்டும் போன கேஸ்கெட்டும். இன்னொரு பொறியும் உண்டு. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். ரேடியேட்டர் தண்ணீர் முழுக்க வடிந்து அதைச் சுற்றிக் காற்றும் ஆவியும் மட்டும் இருந்தால், மிகவும் தேவைப்படும் வேளையில் முள் கீழிறங்கலாம்.

முள் எப்போதும் குளிர்ச்சிப் பக்கமே கிடந்தால் மீட்டரைக் குறைசொல்லுமுன், காரில் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?” என்று அதைக் கழற்றி எறிந்துவிட்ட கார்கள் ஏராளம். வழக்கமாக 82 முதல் 88 டிகிரி வரையில் திறக்கும் அந்த வால்வு இல்லாவிட்டால், நெடுஞ்சாலை வேகத்தில் என்ஜின் தனக்கு வேண்டிய சூட்டை எட்டாது, பெட்ரோல் செலவு கூடும், டெம்பரேச்சர் முள் கால்வாசியைத் தாண்டாது. முள் அங்கே உண்மையைத்தான் சொல்கிறது. உறுதிப்படுத்த, அகச்சிவப்புத் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் கூட்டின் உலோகத்தில் காட்டிப் பார்க்கலாம், ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும் நேரத்தையும் கவனிக்கலாம். சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது, கொதிநீர் முகத்தில் பீறிடும்.

ஒற்றை வயர் சென்சாரின் எர்த் அதன் திருகுமரை வழியேதான் போகிறது. தண்ணீர் கசியாமலிருக்க டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றி முறுக்கினால் அந்தப் பாதை அடைபட்டு, புதுச் சென்சாரும் குறைத்துக் காட்டும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. கார்கள் பலவற்றில் என்ஜின் கம்ப்யூட்டருக்கு ஒரு சென்சார், மீட்டருக்கு ஒன்று என இரண்டு இருக்கும். தவறான ஒன்றை மாற்றிவிட்டு, “புதுசு போட்டும் சரியாகலை” என்று வருத்தப்படுவது அடிக்கடி நடப்பது.

ஆயில் விளக்குக்குப் பின்னால் இருப்பது மீட்டர் அல்ல, சுவிட்ச். அழுத்தம் இல்லாதபோது மூடியிருக்கும், சுமார் 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் வந்ததும் திறந்து விளக்கை அணைக்கும். சாவியைத் திருப்பும்போது இந்த விளக்கு எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம், வயர் கழன்றிருக்கலாம், வேண்டுமென்றே யாரோ கழற்றியும் இருக்கலாம். சுவிட்சின் வயரை எர்த்தில் தொட்டால் விளக்கு எரிய வேண்டும், எடுத்தால் அணைய வேண்டும். எடுத்த பிறகும் எரிந்தால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. ஓடும் காரில் விளக்கு எரிந்தால் சுவிட்சா என்ஜினா என்று ஆராய்வதற்கு முன் என்ஜினை அணைத்தாக வேண்டும். பிறகு ஆயில் அளவைப் பார்த்து, சுவிட்ச் இருந்த துளையில் அழுத்தமானியைத் திருகி அளந்தால் சந்தேகம் தீரும். சூடான என்ஜின் ஐட்லிங்கில் மட்டும் விளக்கு மினுக்கினால், பேரிங் தேய்ந்ததாக இருக்கலாம், மலிவான சுவிட்சாகவும் இருக்கலாம். அழுத்தமானி இல்லாமல் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை.

பேட்டரி விளக்கு இன்னும் வினோதமானது. பல கார்களில் ஆல்டர்னேட்டர் விழித்தெழத் தேவையான சிறு மின்சாரமே இந்தப் பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பு பியூஸ் போனால், எச்சரிக்கை தெரியாமல் போவதோடு சார்ஜிங்கும் நின்றுவிடலாம், அல்லது என்ஜினை ஒருமுறை முறுக்கிய பிறகே தொடங்கலாம். இருமுறை பேட்டரி மாற்றியும் காலையில் ஸ்டார்ட் ஆகாத காருக்கு மருந்து சில ரூபாய் பல்பாக இருந்துவிடுவது உண்டு.

பழைய கார் வாங்குபவர் இந்த இடத்தில் கொஞ்சம் சந்தேகப் புத்தியோடு பார்ப்பதில் தவறில்லை. செக் என்ஜின் விளக்கு நிரந்தரமாக எரியும் காரை விற்க, அந்த விளக்கின் வயரை ஆயில் விளக்கோடோ பேட்டரி விளக்கோடோ சேர்த்துவிடும் தந்திரம் புழக்கத்தில் உள்ளது. சாவி திருப்பினால் எரியும், ஸ்டார்ட் ஆனதும் அணையும், பார்க்க முறையாகவே இருக்கும். இரண்டு விளக்குகளும் ஒரே நொடியில், ஒன்றாகவே அணைவது துப்பு. ஓ.பி.டி. ஸ்கேனர் செருகும் வசதியுள்ள காரில் உள்ளே பதிந்த கோளாறு எண்களைப் படித்தால் குட்டு உடைந்துவிடும்.

ஸ்பீடாமீட்டர் வேறு சாதி. பழைய வகையில் அதற்கு மின்சாரமே வேண்டாம். ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-இல் காப்புரிமை கோரிய சுழல் மின்னோட்டத் தத்துவம்தான் நூறாண்டு கடந்தும் அதில் ஓடுகிறது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமல் மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணத்தைக் காந்தத்தின் சுழற்சி தன்னோடு இழுக்கும், மயிரிழை ஸ்பிரிங் தடுக்கும், இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். கிலோமீட்டர் எண்களை ஓட்டுவது அதே கேபிள்தான், ஆனால் பற்சக்கரங்கள் வழியாக. ஜப்பானிய வழக்கில் கேபிள் 637 சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீட்டர்.

இந்த அமைப்பு தெரிந்தால் பழுது தானாகப் பிரிந்து நிற்கும். முள்ளும் எண்ணும் இரண்டும் நின்றிருந்தால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸ் முனையின் பிளாஸ்டிக் பினியன் தேய்ந்திருக்கும். எண் ஓடி முள் மட்டும் நின்றால் மீட்டர் தலையில் குறை. முள் சரியாகக் காட்டி எண் மட்டும் நின்றால் உள்ளே ஒரு பல் மொட்டையாகியிருக்கும். முள் குறைந்த வேகத்தில் நடுங்கினால் கேபிள் காய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கூர்மையாக மடிந்திருக்கிறது. உள்கம்பியை உருவி, துடைத்து, மெல்லக் கிரீஸ் தடவித் திரும்பப் போட்டால் நடுக்கம் நிற்கும். மீட்டர் பக்கத்து முனையில் ஒரு சாண் அளவுக்குக் கிரீஸ் தடவாமல் விட வேண்டும். சுழலும் கம்பி கிரீஸை மேலே ஏற்றிக் கிண்ணத்துக்குள் கொண்டுபோய்விடும், பிறகு நின்ற காரிலும் முள் நாற்பது காட்டும்.

வேகம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது கோளாறல்ல. ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்தில் ஒரு பங்கும் மேலே 4 கிலோமீட்டரும் வரை. உண்மையில் 80-இல் போகும் காரில் முள் 92 வரை காட்ட இடமுண்டு. ஆனால் 145/70 ஆர் 12 டயர் இருந்த இடத்தில் 155/70 ஆர் 13 போட்டால் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 8 சதவீதம் கூடிவிடும். முள் காட்டுவதைவிடக் கார் வேகமாக ஓடும், எண்ணும் குறைவாகவே ஏறும். செல்போனின் ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒரே சீராக ஓட்டி ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பிந்தைய கார்களில் கேபிளுக்குப் பதில் கியர்பாக்ஸில் ஒரு வேகச் சென்சார். வேறு சிலவற்றில் கேபிள் ஸ்பீடாமீட்டருக்குள்ளேயே ஒரு ரீட் சுவிட்ச் இருந்து, என்ஜின் கம்ப்யூட்டருக்கும் வேகத்தைச் சொல்லும். அத்தகைய காரில் கேபிளைக் கழற்றிப் போட்டு கிலோமீட்டரை மிச்சம் பிடித்தவர்களைச் செக் என்ஜின் விளக்கு காட்டிக்கொடுக்கும்.

இத்தனையும் பார்த்து முடித்த பிறகுதான் மீட்டர் தொகுப்பைக் கழற்றும் முறை வருகிறது. பேட்டரியைக் கழற்றி, ஸ்பீடாமீட்டர் கேபிளை விடுவித்து, கப்ளர்களை வயரைப் பிடித்து இழுக்காமல் கொக்கியை அழுத்தி எடுக்க வேண்டும். பின்புறத்தில் ஒட்டியிருக்கும் செம்புக்கோடு போட்ட பிளாஸ்டிக் தாள்தான் அங்கே வயரிங். கப்ளர் செருகும் இடத்தில் கோடு உரிவதும், மீட்டரைப் பிடிக்கும் சிறு நட்டுகள் தளர்வதும் வழக்கம். நட்டை மெல்ல இறுக்கி, முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே இறந்துபோன முட்கள் சில எழுந்துவிடும். சர்க்யூட் போர்டு உள்ள மீட்டர்களில், கப்ளர் காலடியில் ஈயப்பற்று வட்டமாக விரிசல் விட்டிருக்கும். டேஷ்போர்டைத் தட்டினால் வேலை செய்யும் மீட்டருக்கு இதுதான் முதல் காரணம்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகக் கடைகளில் தேடுவோர் அதிகம். மாடலோடு ஆண்டையும் பார்க்க வேண்டும், முடிந்தால் மீட்டரையும் டேங்க் யூனிட்டையும் ஒரே காரிலிருந்து வாங்க வேண்டும். வாங்கிய தொகுப்பில் வேறொரு காரின் கிலோமீட்டர்தான் இருக்கும். பழைய மீட்டர் கடைசியாகக் காட்டிய எண்ணையும், புதியது தொடங்கிய எண்ணையும், மாற்றிய தேதியையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவைத்து, இரண்டு மீட்டர்களையும் அருகருகே வைத்துப் படம் எடுத்துக்கொண்டால், காரை விற்கும் நாளில் விளக்கம் சொல்ல ஆதாரம் கையில் இருக்கும்.